தனியே பயணிக்கும் பெண்ணும் பஸ் நடத்துநரின் கடமையும்: போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், தேசிய போக்குவரத்து ஆணைக்குழு
தலைவர், மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை
தலைவர், இலங்கைப் போக்குவரத்துச் சபை

மதிப்பிற்குரியீர்,

தனியார் பஸ் ஒன்றுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும்போது, அது எந்த வழியால் போக வேண்டும், எந்த நேரத்தில் புறப்பட வேண்டும், எவ்வளவு கட்டணம் அறவிடலாம் என்பதையெல்லாம் அதிகாரிகள் வரையறுக்கிறீர்கள். அதே பஸ்ஸில் தனியாக வரும் பெண்ணொருத்தியை இன்னொரு பயணி தொந்தரவு செய்யும்போது நடத்துநர் செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும், பயணிகளின் கண்ணில் படும்படி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதை எழுதுங்கள், அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுதுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

கொழும்பு வெள்ளவத்தையில் வேலை பார்க்கும் பெண்களும் மாணவிகளும் தங்கும் விடுதியொன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹற்றன், பதுளை என்று பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஒருத்தி வங்கியில் வேலை செய்கிறாள், இன்னொருத்தி புடைவைக் கடையில் நிற்கிறாள், வேறு சிலர் கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமன்றி, அம்மாவுக்குச் சுகமில்லை என்றாலும் காணி உறுதிக்குக் கையொப்பம் வேண்டும் என்றாலும் அவர்கள் ஊருக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் தனியாகவே புறப்படுகிறார்கள். ஆண் துணையோடு போகலாமே என்று அறிவுரை சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். அண்ணன் கனடாவில் இருக்கிறான், தம்பிக்குப் பரீட்சை, அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதுதான் இன்றைய நம் வீடுகளின் நிலை.

இந்தப் பிள்ளைகள் கவனக்குறைவானவர்கள் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவளுக்கு, குளியலறை முறையைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே பஸ் பயணத்தைப் பற்றித்தான் மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏறுமுன் பஸ் இலக்கத்தைப் படமெடுத்து விடுதியின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இருப்பிடத்தை நேரலையில் பகிர்ந்துகொள்ள வேண்டும். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும். கைபேசியில் மின்னேற்றம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பை வாரில் ஓர் ஊக்கு குத்தியிருக்க வேண்டும். இந்தப் பாடம் என் தாயார் காலத்திலிருந்தே மாறவில்லை. யன்னலோர ஆசனமா, நடைவழியோர ஆசனமா என்பது எங்கள் விடுதியில் இன்னும் தீராத வாதம். யன்னலோரம் அமர்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருகிறவன் வழியை அடைத்துக்கொள்கிறான், எழுந்து போக முடியாது. நடைவழியோரம் அமர்ந்தால் நிற்கிறவர்களில் ஒருவன், பஸ் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் தோளில் வந்து சாய்கிறான். அலுவலகம் போய்வரும் ஓர் இளம்பெண், ஆசனத்தில் அமர்வதற்கு முன் இவ்வளவையும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த முன்னெச்சரிக்கைகளை நான் தொடர்ந்தும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் இவையெல்லாம் அவள் கையில் இருப்பவை, அவளும் குறைவின்றிச் செய்துவிடுகிறாள். அதிகாரிகளின் கையில் இருப்பதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்களிலும் ரயில்களிலும் வாழ்நாளில் ஒரு முறையாவது பாலியல் தொந்தரவுக்கு உள்ளான பெண்கள் 90 சதவீதம் எனவும், அதைப் பொலிஸாரிடம் முறையிட்டவர்கள் 4 சதவீதம் மட்டுமே எனவும் தெரியவந்தது. முதலாவது எண் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்தது. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. உங்கள் அலுவலகங்களில் ஆராயப்பட வேண்டியது இரண்டாவது எண்.

அந்த 4 சதவீதத்துக்குக் காரணம் பெண்களின் கூச்சம் என்று சொல்வது வசதியான விளக்கம். காலை ஏழரை மணிக்கு, பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்கு வரும் 100ஆம் இலக்க பஸ்ஸை எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஏறிய பெண்ணை ஒருவன் பம்பலப்பிட்டியில் தொடுகிறான், கொள்ளுப்பிட்டியில் இறங்கிப் போய்விடுகிறான். எட்டரைக்கு அவள் அலுவலகத்தில் விரல் பதிய வேண்டும். முறையிடுவது என்றால் இறங்க வேண்டும், பொலிஸ் நிலையத்தைத் தேட வேண்டும், பெண் அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டும், பெயர் தெரியாத ஒருவனின் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். அவள் ஏறியதற்குச் சான்றாகப் பல தனியார் பஸ்களில் பயணச்சீட்டுக்கூடக் கிடைப்பதில்லை. எங்கள் விடுதிப் பிள்ளையொருத்தி இவ்வளவையும் தாண்டி ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். அவள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலே கையொப்பமிடச் சொன்னார்கள். தனக்கு விளங்காத எழுத்துக்குக் கீழே கையொப்பமிட மனமில்லாமல் எழுந்து வந்துவிட்டாள். அவளும் முறையிடாத 96 பேரோடுதான் சேர்கிறாள்.

துணிந்து எதிர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு வாரியபொல பஸ் நிலையத்தில், தன்னைச் சீண்டியதாகக் கூறி ஓர் ஆடவரை இளம்பெண்ணொருவர் அறையும் காணொளி எங்கும் பரவியது. அந்த ஆடவர் செய்த முறைப்பாட்டின் பேரில் கைதாகி, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பிணையில் வந்தவர் அந்தப் பெண்தான். அடித்தது சரியா பிழையா என்று வாதாட இங்கு நான் வரவில்லை. அந்தக் காணொளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று உங்கள் பஸ்களில் ஏறுகிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

சட்டத்தில் குறை இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, பாலியல் தொந்தரவு ஐந்து ஆண்டுகள் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். கை வைத்தால்தான் குற்றம் என்பதில்லை, சொல்லாலும் செய்கையாலும் இழைக்கப்படும் தொந்தரவும் இப்பிரிவுக்குள் அடங்கும். ஆனால் சட்டம் பொலிஸ் நிலைய வாசலில்தான் தொடங்குகிறது. தொந்தரவோ இரண்டு தரிப்பிடங்களுக்கு இடையில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் பொறுப்பு என்று சொல்லத்தக்க ஒருவர் பஸ்ஸில் இருக்கிறார் என்றால் அவர் நடத்துநர்தான். சாரதி வீதியைப் பார்க்க வேண்டும். மற்றப் பயணிகள் கைபேசியைப் பார்க்கிறார்கள்.

நடத்துநரால் என்ன முடியும் என்பதை அண்மையில் காலி வீதியில் நேரில் கண்டேன். கம்பியைப் பிடித்தபடி, கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பிள்ளை நின்றாள். பின்னால் போதிய இடம் இருந்தும் ஒருவர் அவளோடு ஒட்டியபடியே நின்றார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல்களுக்கிடையில் செருகிக்கொண்டு பணம் வாங்கி வந்த நடத்துநர், அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆளின் தோளைத் தட்டி, பின்னால் இடம் இருக்கிறது, போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். கேட்காதவர்போல் நின்றதும், தானே இருவருக்கும் நடுவில் புகுந்து, அங்கேயே நின்றபடி மீதிச் சில்லறையை எண்ணத் தொடங்கினார். காலி முகத்திடல் வரை அவர் நகரவில்லை. சத்தம் இல்லை, சண்டை இல்லை, அந்தப் பிள்ளையின் பெயரோ ஊரோ யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இதற்கு மாறாக, பின்னால் நின்றவனைப் பற்றி முறையிட்ட எங்கள் பிள்ளையொருத்தியிடம் இன்னொரு நடத்துநர், "நங்கி (தங்கச்சி), கரைச்சல் என்றால் இறங்கி வேற பஸ் எடுங்க" என்றிருக்கிறார். முதலாமவர் செய்தது அவருடைய நற்குணம், இரண்டாமவர் செய்தது அவருடைய குணம் என்று நாம் விட்டுவிடுகிறோம். கட்டணம் செலுத்திப் பயணம் செய்கிறவளின் பாதுகாப்பு, அன்று கிடைத்த நடத்துநரின் குணத்தைப் பொறுத்து அமைவது முறையல்ல.

ஆகவே நான் கேட்கும் நிபந்தனை இதுதான். பயணியொருவர் தொந்தரவைச் சொன்னாலோ, நடத்துநரே கண்டாலோ, தொந்தரவு செய்பவரை அவர் உடனே இடம் மாற்ற வேண்டும். மறுத்தால் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட வேண்டும். உடலைத் தொட்ட சம்பவமாக இருந்து, பாதிக்கப்பட்டவர் விரும்பினால், வழியில் உள்ள பொலிஸ் நிலையத்தில் பஸ்ஸை நிறுத்த வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவளுடைய பயணத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கே இருக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் முறையிட்டவளை இறங்கச் சொல்லக்கூடாது. பஸ் இலக்கமும் நேரமும் அச்சிட்ட பயணச்சீட்டைக் கட்டாயம் வழங்க வேண்டும். பிற்பாடு அவள் முறையிட நினைத்தால் கையில் இருக்கக்கூடிய ஒரே எழுத்துச் சான்று அதுதான். இவற்றைச் செய்யத் தவறியதாக விசாரணையில் தெரியவந்தால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட வேண்டும். அனுமதிப்பத்திரம் பறிபோகும் என்ற அச்சம் இல்லாமல், சுவரொட்டி ஒட்டுவதால் மட்டும் எதுவும் மாறும் என்று நான் நம்பவில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும், அது நியாயமானதும்கூட. தனியார் பஸ் நடத்துநர்களில் பலருக்கு நியமனக் கடிதம் இல்லை, மாதச் சம்பளம் இல்லை. அன்றன்று சேரும் பணத்தில் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டியதும் எரிபொருள் செலவும் போக மிஞ்சுவதுதான் சாரதிக்கும் நடத்துநருக்கும் கூலி. அதனால்தான் மிதிபலகை வரை ஆள் ஏற்றுகிறார்கள். அதனால்தான் "இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட" (முன்னுக்குப் போங்கள்) என்று சிங்களத்தில் சொல்லித் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஒட்டி நிற்கிறவனுக்கு அந்த நெரிசல்தான் சாட்டாகிறது. ஒருவனை இறக்கிவிட்டால் அவன் நாளைக்கு அதே தரிப்பிடத்தில் நாலு பேரோடு நிற்பானோ என்ற பயமும் நடத்துநருக்கு உண்டு. எனவே நிபந்தனையை உரிமையாளரின் மீது விதியுங்கள், நடத்துநரின் மீது மட்டும் சுமத்தாதீர்கள். யாரை நடத்துநராக அனுப்புகிறோம், அவருக்கு என்ன பயிற்சி கொடுத்தோம், கடமையைச் செய்த நாளில் அவர் கூலி குறையாமல் பார்த்தோமா என்பதற்கு உரிமையாளர் பதில் சொல்லட்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு இந்தச் சாக்கும் இல்லை. அங்கே நடத்துநர்கள் உங்கள் ஊழியர்கள், பயணச்சீட்டும் தருகிறார்கள், நாளைக்கே ஒரு சுற்றறிக்கையோடு தொடங்கலாம்.

இரவுப் பயணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்களுக்கு ஆசனம் பதியத் தொலைபேசி எடுத்தால், "லேடீஸா, ஜென்ட்ஸா?" என்று கேட்டு, தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் பெண்ணையே போடும் நல்ல வழக்கம் பல பதிவு நிலையங்களில் இருக்கிறது. யாரும் கட்டளையிடாமல் தமிழ்ப் பயணிகளும் பஸ்காரர்களும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு இது. ஆனால் நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ வழியில் ஏற்றும் ஓர் ஆளுக்காக நடு இரவில் அது குலைந்துவிடுகிறது. தூங்கி விழிக்கிறவளின் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இருக்கிறார். கேட்டால், ஆசனம் இல்லை, கொஞ்சம் பொறுங்கோ என்கிறார்கள். இந்த வழக்கத்தை அனுமதிப்பத்திர நிபந்தனையாக்குவதற்குப் பத்துச் சதமும் செலவாகாது.

தேநீருக்காக நிறுத்தும் இடமும் அப்படியே. கடையின் முன்புறம் பகல் போல் வெளிச்சம், பெண்களின் கழிப்பறை பின்புறத்தில், குழல்விளக்கு எரியாது, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு கயிறு. கைபேசி வெளிச்சத்தில் போய், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஹோர்ன் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இந்தப் பயத்திலேயே மாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எந்தக் கடையில் நிறுத்துவது என்பது இன்று பஸ்காரருக்கும் கடைக்காரருக்கும் இடையிலான உடன்பாடு. பெண்களின் கழிப்பறையில் விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள கடைகளை மட்டும் அங்கீகரித்து ஆணைக்குழு ஒரு பட்டியலை வெளியிட்டால், மற்றக் கடைக்காரர்கள் ஒரு மாதத்துக்குள் தாமாகவே விளக்குப் போடுவார்கள். புறப்படுமுன் ஆசனவாரியாக ஆட்களை எண்ணுவதும் கட்டாயமாக வேண்டும்.

கொழும்புக்குத் திரும்பி வரும் பஸ்களில் பல விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் வந்துவிடுகின்றன. கடைகள் திறக்காத காலி வீதியில், பயணப்பையும் முருங்கைக்காய்ப் பொதியுமாக ஒரு பெண் தனியே நிற்கிறாள். முச்சக்கரவண்டிக்காரர் கேட்கும் விலையை மறுத்துப் பேசும் நிலையில் அவள் இருப்பதில்லை. விடியும்வரை உள்ளேயே இருங்கோ தங்கச்சி என்று சொல்லி, உள்விளக்கையும் போட்டுவிடும் பஸ்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. எல்லோரும் அப்படிச் செய்ய, கடைசித் தரிப்பிடத்தில் வெளிச்சம் வரும்வரை பஸ்ஸுக்குள் இருக்கும் உரிமை பயணிக்கு எழுத்தில் வேண்டும்.

இனி முறைப்பாட்டு இலக்கங்கள். பொலிஸ் அவசர சேவைக்கு 119, பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்துக்கு 109, மகளிர் உதவிச் சேவைக்கு 1938, போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு 1955. எங்கள் விடுதிச் சுவரில் நாலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் மாகாணத்துக்குள் ஓடும் 100ஆம் இலக்க பஸ் மாகாண அதிகார சபைக்குக் கீழே வருகிறது, யாழ்ப்பாண பஸ் தேசிய ஆணைக்குழுவுக்குக் கீழே வருகிறது, சிவப்பு பஸ் போக்குவரத்துச் சபையுடையது என்ற நிர்வாகப் பிரிவினையைத் தொந்தரவுக்கு உள்ளான பெண் பாடமாக்கி வைத்திருக்க வேண்டுமா? எந்த பஸ்ஸிலிருந்து எடுத்தாலும் ஒரே இலக்கம் பதிலளிக்கட்டும், யாருடைய பொறுப்பு என்பதைப் பின்னர் நீங்கள் மூவரும் உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கத்தில் எந்நேரமும் தமிழில் பேச ஒருவர் இருக்க வேண்டும், முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் குறுஞ்செய்தியாக வர வேண்டும். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து அரசகரும மொழி. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பிரதேசத்திலும் அதிகாரிகளோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. ஆகவே இதைச் சலுகையாகக் கேட்கவில்லை.

பெண்களுக்கென்று தனி பஸ், தனி ரயில் பெட்டி என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. நெரிசல் வேளையில் சிலருக்கு அது ஆறுதல் தரலாம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு தனி பஸ்களை விட்டுவிட்டு, மற்ற பஸ்ஸில் ஏறியவளிடம், உனக்கென்று ஒன்று விட்டோமே, இதில் ஏன் ஏறினாய் என்று கேட்கும் நாள் வந்துவிடக் கூடாது. பிக்மீ, ஊபர் போன்ற வாடகை வாகனச் செயலிகளில் சாரதியின் பெயரும் வாகன இலக்கமும் போகும் வழியும் கைபேசியில் பதிவாகின்றன, வீட்டாருக்கும் உடனுக்குடன் அனுப்ப முடிகிறது. வசதியுள்ளவளுக்குக் கிடைக்கும் அந்தப் பதிவில் ஒரு பங்கு பஸ்ஸில் போகிறவளுக்கும் வேண்டும். நடத்துநரின் பெயரும் பதிவு இலக்கமும் பஸ்ஸின் உள்ளே மும்மொழியிலும் எழுதித் தொங்கவிடப்பட்டால் அதற்கு அதுவே தொடக்கமாகும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடந்த ஐந்து ஆண்டுகளில் பாலியல் தொந்தரவு தொடர்பாக உங்கள் மூன்று நிறுவனங்களுக்கும் கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றுள் எத்தனை தமிழில் பதியப்பட்டன, எத்தனை அனுமதிப்பத்திரங்கள் இடைநிறுத்தப்பட்டன என்று கேட்டுத் தனித்தனி விண்ணப்பங்களை இம்மடலோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் அவற்றுக்கான தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மடலுக்கான பதிலையும் அந்த விண்ணப்பங்களுக்கான பதிலையும் தமிழில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நடத்துநர்களுக்கான நிபந்தனையை வரைவதற்குக் கூட்டம் கூட்டுவதாயின், இரவு பஸ்ஸில் தனியே போய்வரும் பெண்கள் சிலரையும் அதற்கு அழையுங்கள். வேலை நாளென்றால் மாலை ஐந்தரைக்குப் பின் வைத்தால் அவர்களால் வர முடியும்.

இங்ஙனம்,
பெண்கள் விடுதிப் பொறுப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.